காட்ஃபாதரின் அறை: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வந்தாலும் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் மகன் வற்புறுத்தியதால் ‘தி காட்ஃபாதர்’ படத்தை அவனோடு அமர்ந்து பார்த்தேன். இரத்தமும் துப்பாக்கியும் உள்ள படங்களைப் பொதுவாகப் பாதியிலேயே விட்டு எழுந்துவிடுவேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் மட்டும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மகன் ஊருக்குப் போன பிறகு தனியாக மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.

என் சங்கடம் இதுதான். இறுதியில் தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்துகொண்டிருக்கும்போது, அந்தக் குற்றக் குடும்பத்தின் இளைய மகன் மைக்கேலின் எதிரிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அந்தக் கொலைகளில் ஒன்றும் தவறிவிடக் கூடாதே என்று நான் பதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, தங்கையின் கணவனைக் கொன்றாயா என்று மனைவி கேட்கும்போது அவன் ‘இல்லை’ என்று பொய் சொல்கிறான். பொய் என்று தெரிந்தும் என் வாயில் ‘அப்பாடா’ என்று வந்துவிட்டது. அன்றிரவு அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

சிறுமியாக இருந்தபோது ‘நாயகன்’ பார்த்து அழுதிருக்கிறேன். ஆனால் அங்கே பேரன் நேருக்கு நேராகத் தாத்தாவிடம் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்டுவிடுகிறான். இங்கே அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. மகனிடம் சொன்னால், ‘இது குடும்பப் படம் அம்மா’ என்கிறான். பெண்கள் அனைவரையும் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கும் குடும்பம் என்ன குடும்பம்? இத்தனை கொலைகாரர்களை நான் விரும்பியது என்னுடைய பிழையா, அல்லது படத்தின் சூழ்ச்சியா? இதை உயர்ந்த கலை என்று நீங்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, மதுரை
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் தங்கியிருந்தது ‘அப்பாடா’ என்ற அந்தச் சொல்லில்தான். அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை உங்களிடமிருந்து வரவழைப்பதற்காகவே முதல் காட்சியிலிருந்து படம் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். அந்த உழைப்பைப் பின்தொடர்ந்து போனால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும், முக்கியமாகப் பெண்களைப் பற்றிய கேள்விக்கும், விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

படம் இருட்டில் தொடங்குகிறது. திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே ஒரு குரல், தான் அமெரிக்காவை நம்புவதாகச் சொல்கிறது. பிறகு போனசேரா என்ற மனிதரின் முகம் தெரிகிறது. இறந்தவர்களின் உடலை அடக்கத்துக்குத் தயார் செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிறவர் அவர். இத்தாலியிலிருந்து வந்து நியூயார்க்கில் பிழைத்துக்கொண்டவர். அவருடைய மகளை இரண்டு இளைஞர்கள் வெளியே அழைத்துப் போய், குடிக்க வைத்து, அவள் இணங்காதபோது மூக்கும் தாடையும் உடையும்படி அடித்திருக்கிறார்கள். நல்ல குடிமகனாக அவர் போலீஸிடம் போனார். நீதிபதி மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அந்தத் தண்டனையை அப்போதே நிறுத்திவைத்தார். அந்த இளைஞர்கள் அன்றைக்கே வெளியே போனார்கள். நீதிமன்றத்தில் முட்டாளைப் போல நின்ற அந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார்கள். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் காட்சி மிக மெதுவாக விரிந்துகொண்டே போகிறது. முதலில் இருட்டிலிருந்து ஒரு கை வருகிறது, பிறகு ஒரு தோள். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் பார்த்துவிடுகிறோம்.

இந்த ஒரு காட்சியிலேயே படத்தின் ஈர்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொல்லுவேன். முறையிடுவதற்கு ஓர் இடம், அங்கே அமர்ந்து முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்கிற ஒரு மனிதர், கேட்டு முடித்ததும் முடிவு சொல்லும் அதிகாரம். கையில் மனுவோடு ஏதேனும் ஓர் அலுவலக வாசலில் காத்திருந்து, எழுதியதைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பப்பட்ட எவருக்கும் அந்த அறை ஒரு கனவு. அங்கே கேட்டுக்கொண்டிருந்த குற்றக் குடும்பத் தலைவர் டான் விட்டோ கோர்லியோன் அந்தத் தகப்பனிடம் கோபித்துக்கொள்வதும் விலையைப் பற்றியோ ஆபத்தைப் பற்றியோ இல்லை. என் மனைவி உன் ஒரே மகளுக்கு ஞானத்தாய்; இத்தனை ஆண்டுகளில் உன் வீட்டில் ஒரு காப்பி குடிக்க என்னை அழைத்திருக்கிறாயா என்று கேட்கிறார். உறவு முறிந்த வருத்தமாக அது நம் காதில் விழுகிறது. எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்ட போனசேரா குனிந்து அந்தக் கையை முத்தமிட்ட பிறகுதான் உதவி கிடைக்கிறது. என்றாவது ஒருநாள், ஒருவேளை அந்த நாள் வராமலும் போகலாம், பதிலுக்கு ஒரு உதவி கேட்பேன் என்பதோடு பேச்சு முடிகிறது.

அந்த நாள் வருகிறது. எப்படி வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏதோ ஒரு குற்றத்துக்கு அந்த அப்பாவியைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று நாம் அஞ்சிக்கொண்டிருக்க, டான் அவரிடம் கேட்பது அவருடைய அன்றாடத் தொழிலைத்தான். குண்டுகளால் சல்லடையாக்கப்பட்ட மூத்த மகன் சானியின் உடலை, தாய் பார்க்கும்படியாகச் சீர்செய்து கொடுக்கச் சொல்கிறார். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் கேட்டதை, இந்தத் தகப்பன் அந்தத் தகப்பனிடம் திருப்பிக் கேட்கிறார். எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும் இடம் அது. அதே நேரத்தில் படம் நம்மைத் தன் பக்கம் முழுமையாக இழுத்துக்கொள்ளும் இடமும் அதுதான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நட்டமில்லை என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தக் குரலின் கனிவு எங்கிருந்து வந்தது என்று பல காலம் நான் யோசித்திருக்கிறேன். நாவலை எழுதிய மரியோ பூசோ, 1969-இல் அது வெளிவந்த காலம் வரை உண்மையான குற்றக் கும்பல்காரர் ஒருவரைக்கூடத் தாம் சந்தித்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். படித்தும் விசாரித்தும் எழுதினார். ஆனால் டானின் பேச்சுக்கு அவர் எங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. டான் வாய் திறந்தபோதெல்லாம் தன் மனத்தில் கேட்டது தன் தாயின் குரலே என்று அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் ‘ஹெல்ஸ் கிச்சன்’ பகுதியில், கணவனின் துணை இல்லாமல், வறுமையில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய, தெற்கு இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு பெண்ணின் குரல் அது. வீட்டை எப்படிக் காப்பது, யாரை நம்புவது, எதை வெளியே பேசக் கூடாது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்த அறிவு. அந்த அறிவையும் கண்டிப்பையும் பாசத்தையும் எடுத்து ஒரு கொலைத் தொழில் செய்யும் கிழவரின் வாயில் வைத்தார் பூசோ. பெண்கள் நுழைய முடியாத அந்த அறைக்குள்ளே பேசிக்கொண்டிருப்பது ஒரு பெண்ணின் குரல் என்பதை அறிந்தபோது, நான் ஏன் அந்த மனிதரை வெறுக்க முடியாமல் தவித்தேன் என்பது எனக்கு ஓரளவு விளங்கியது.

படத்தை இயக்கிய பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவும் இத்தாலியக் குடியேறிகளின் பேரன். 1971-இல் படப்பிடிப்பு தொடங்கும்போது அவருக்கு 31 வயது. தயாரிப்பு நிறுவனம் கதையைச் சமகாலத்துக்கு மாற்றிச் செலவைக் குறைக்க விரும்பியது. 1940-களின் நியூயார்க் இல்லாமல் இந்தக் கதை இல்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். டானாக நடித்த மார்லன் பிராண்டோவையும் மைக்கேலாக நடித்த அல் பச்சீனோவையும் கூட நிறுவனம் விரும்பவில்லை. அந்தச் சண்டைகள் பலமுறை எழுதப்பட்டுவிட்டன என்பதால் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, அறைக்கு வெளியே தோட்டத்தில் அதே நேரம் நடக்கும் டானின் மகளுடைய கல்யாணக் காட்சியை அவர் எடுத்த விதம். உறவினர் கூட்டம், ஆடும் கிழவிகள், பணப்பை ஏந்திய மணப்பெண், கொஞ்சம் அசிங்கமான பாட்டைப் பாடிச் சிரிக்கும் முதியவர் என்று எல்லாம் ஒரு வீட்டுக்காரனின் நினைவிலிருந்து வந்தவை. மணப்பெண் கான்னியாக நடித்த டாலியா ஷையர் அவருடைய சொந்தத் தங்கை. இறுதியில் ஞானஸ்நானம் பெறும் குழந்தை அவருடைய மகள் சோஃபியா. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் தோட்டத்தை வெயிலில் குளிக்க வைத்து, டானின் அறையை மட்டும் இருளில் ஆழ்த்தினார். மேலிருந்து விழும் விளக்கொளியில் பிராண்டோவின் கண்கள் நிழலுக்குள் போய்விடுகின்றன. கண் தெரியவில்லையே என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. கண் தெரியாததால் நாம் அந்தக் குரலை இன்னும் கவனமாகக் கேட்கிறோம்.

இனி, படம் எதைக் காட்டவில்லை என்பதற்கு வருகிறேன். உங்கள் ‘சூழ்ச்சி’ என்ற சொல்லுக்கு இங்கேதான் நியாயம் இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டுக்கும், கல்யாணத்துக்கும், விலைக்கு வாங்கப்பட்ட நீதிபதிகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சூதாட்டமும் தொழிற்சங்கங்களும் பேச்சில் வந்து போகின்றன, அவ்வளவுதான். மாமூல் கட்ட முடியாமல் கடையை மூடிய ஒரு வியாபாரியைக் கூட இந்த முதல் படத்தில் நாம் பார்ப்பதில்லை. கண்முன் கொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் வேறு கும்பல்காரர்கள், துரோகிகள், ஒரு லஞ்சப் போலீஸ் அதிகாரி. டான் போதைப்பொருள் வியாபாரத்தை மறுத்தார் என்பதை அவருடைய அறத்துக்குச் சான்றாகப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த உரையாடலை மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதன் என்ன செய்து பிழைக்கிறான் என்பது எனக்குப் பொருட்டில்லை, உன் தொழில் கொஞ்சம் ஆபத்தானது என்கிறார். சூதாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் அரசியல் நண்பர்கள் போதைப்பொருள் என்றால் விலகிவிடுவார்கள் என்பதே அவருடைய கணக்கு.

பின்னர் எல்லாக் குடும்பங்களின் தலைவர்களும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து சமாதானம் பேசுகிறார்கள். அப்போது டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒருவர், தங்கள் ஊரில் இந்தச் சரக்கைக் கறுப்பின மக்களிடையே மட்டும் விற்கலாம், அவர்கள் எப்படியும் மிருகங்கள்தானே, ஆன்மாவை இழக்கட்டும் என்கிறார். மேசையைச் சுற்றியிருந்த எவரும் அதை மறுத்துப் பேசவில்லை, டானும் பேசவில்லை. இந்தத் தொழிலுக்கு உண்மையில் விலை கொடுப்பவர்கள் யார் என்பது படத்தில் வாய்விட்டுச் சொல்லப்படுவது அந்தச் சில நொடிகளில்தான். கொப்போலா அதை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். நாமோ, இரண்டு கிழவர்கள் எழுந்து கட்டித் தழுவிக்கொள்வதைப் பார்க்கும் ஆவலில் அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விடுகிறோம். நான் மூன்று நான்கு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொரு விடுபடலும் உண்டு. படத்தில் ‘மாஃபியா’ என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லை. இத்தாலிய அமெரிக்கர்களை இழிவுபடுத்தக் கூடாது என்று போராடிய ஓர் அமைப்போடு தயாரிப்பாளர் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்தச் சொல் நீக்கப்பட்டது. அந்த அமைப்பை நடத்தியவரான ஜோசப் கொலம்போவே நியூயார்க்கின் ஐந்து குற்றக் குடும்பங்களில் ஒன்றின் தலைவர். படப்பிடிப்பு நடந்த அதே 1971-இல், ஜூன் மாதம், அவர் தம்முடைய பொதுக்கூட்டத்திலேயே சுடப்பட்டார். வெளியிலிருந்து வந்த அந்த நெருக்குதல் படத்துக்கு எதிர்பாராத ஒரு வலிமையைக் கொடுத்துவிட்டது என்பேன். அந்தச் சொல் போனதும், நிரப்ப மிஞ்சியவை ‘குடும்பம்’, ‘தொழில்’ என்ற இரண்டு சொற்கள்தான். உங்கள் மகன் இதைக் குடும்பப் படம் என்று சொன்னதில் வியப்பில்லை. படம் தன்னைத் தானே அப்படித்தான் அழைத்துக்கொள்கிறது.

மைக்கேலிடம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் ‘அப்பாடா’ அவனுக்குக் கிடைத்தது. தங்கையின் கல்யாணத்துக்குப் போர்வீரனின் சீருடையில் வரும் அவன், தகப்பனார் எப்படி ஒருவரை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் என்ற கதையைக் காதலி கேயிடம் சொல்லிவிட்டு, அது என் குடும்பம், நான் அப்படி இல்லை என்கிறான். அவன் சொல்வது அப்போது உண்மை. அவனை அந்த உண்மையிலிருந்து நகர்த்துவதற்குப் படம் எடுத்துக்கொள்ளும் முதல் படி, ஒரு மகன் செய்யக்கூடிய மிக நல்ல காரியமாக இருக்கிறது. சுடப்பட்டுக் கிடக்கும் தகப்பனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறான். காவலர்கள் யாரும் இல்லை. கொல்ல ஆட்கள் வரப்போகிறார்கள். செவிலியின் உதவியோடு கட்டிலை வேறு அறைக்குத் தள்ளிப் போய்விட்டு, தகப்பனின் காதருகே குனிந்து, இனி நான் உங்களோடு இருக்கிறேன் என்கிறான். கிழவரின் கண்ணில் நீர் வழிகிறது. பிறகு, பூங்கொத்தோடு பார்க்க வந்த ரொட்டிக் கடை இளைஞன் என்ஸோவையும் துணைக்கு நிறுத்திக்கொண்டு, இருவரும் ஆயுதம் இருப்பதுபோல் கோட்டுக்குள் கைவைத்தபடி வாசலில் நிற்கிறார்கள். வந்த கார் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. என்ஸோ சிகரெட் பற்றவைக்க முயல்கிறான், கை நடுக்கத்தில் முடியவில்லை. மைக்கேல் வாங்கிப் பற்றவைத்துக் கொடுக்கிறான். அப்போது தன் கையை ஒருகணம் பார்க்கிறான், அது நடுங்கவில்லை. பச்சீனோ அதற்கு ஒரு சொல்லும் பேசுவதில்லை. தான் யார் என்பதை ஒரு மனிதன் கண்டுகொள்ளும் கணத்தை இவ்வளவு சிறிதாகவும் இவ்வளவு முழுமையாகவும் காட்டிய வேறொரு காட்சியை நான் அறியேன்.

அடுத்து உணவகத்தில் அவன் செய்யும் இரட்டைக் கொலை. இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், ஒரு ஃபிலிம் சொசைட்டியின் திரையிடலில், மங்கிப்போன 16 மில்லிமீட்டர் பிரதியில். அந்த உணவக மேசையில், டான் மறுத்த போதைப்பொருள் வியாபாரத்தோடு வந்த சொலோட்ஸோ பேசத் தொடங்கியபோது எனக்கு எதுவுமே புரியவில்லை. என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக் குறுகிப்போயிருந்தேன். அவர் பேசியது சிசிலியன் என்பதும், அந்த இடத்தில் கொப்போலா யாருக்குமே துணைத்தலைப்பு தரவில்லை என்பதும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பொருள் புரியாத பேச்சுக்கு நடுவே நாம் மைக்கேலின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்தக் கண்கள் அலைகின்றன. திரையில் எங்கும் தென்படாத ஒரு ரயிலின் இரைச்சல், வால்டர் மர்ச்சின் ஒலியமைப்பில், ஏறிக்கொண்டே போகிறது. இசை கிடையாது. சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் வெளியேறும்போதுதான் நீனோ ரோட்டாவின் இசை எழுகிறது. அதற்குள் நாம் அவனோடு மேசையிலிருந்து எழுந்துவிட்டோம். தகப்பனைக் காப்பாற்ற இதைத் தவிர வேறு வழியில்லை என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டாயிற்று. அதன் பிறகு அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியால் நியாயப்படுத்தப்படுகிறது. உங்களையும் என்னையும் தேவாலயம் வரை அழைத்துப் போவது அந்தப் படிக்கட்டுதான்.

இப்போது உங்கள் பெண்கள் கேள்வி. இதை நான் நெடுங்காலம் சரியாகப் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் சில விஷயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. முதல் காட்சியில் அடிபட்ட ஒரு மகளுக்காக ஒரு தகப்பன் நீதி கேட்கிறார். அது யாருடைய கல்யாண நாள்? டானின் மகள் கான்னியுடையது. அன்று அவள் கைப்பிடித்த கார்லோதான் பின்னால் அவளை அடித்து உதைக்கப் போகிறவன். வெளியாரின் மகளுக்கு ஒரே நாளில் நீதி வழங்கிய அந்த அறையில், அந்த வீட்டின் மகளுக்கு இடம் இல்லை. சாப்பாட்டு மேசையில் கார்லோ அவளை அதட்டும்போது சானி குறுக்கே பேசுகிறான். தலையிடாதே என்று தாய் அவனை அடக்குகிறாள். பிறகு சானி தெருவில் வைத்துக் கார்லோவை அடித்து நொறுக்குகிறான். அந்தக் கோபம் எதிரிகளுக்கு வசதியாகிறது. அவளை மறுபடி அடித்தால் சானி தனியாகக் காரில் பாய்ந்து வருவான் என்று கணக்கிட்டு, அப்படியே அடிக்க வைத்து, சுங்கச்சாவடியில் அவனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அவளுடைய காயங்கள் ஒருவருக்குத் தன்மானப் பிரச்சினை, மற்றவருக்குத் தூண்டில் இரை. கடைசியில் மைக்கேல் கார்லோவைக் கொல்லச் செய்வதும் சானியின் கணக்கைத் தீர்ப்பதற்காகத்தான். தங்கை பட்ட அடிகளுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. அந்த வீடு என்ன குடும்பம் என்று நீங்கள் கேட்டீர்கள். அதே கேள்வியைப் படம் இந்தப் பெண்ணின் கதை வழியாகத் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறது. உரக்கக் கேட்கவில்லை, அவ்வளவே.

ஞானஸ்நானக் காட்சிக்கு இது தெரிந்தால் இன்னொரு கனம் வருகிறது. நம் பக்கத்தில் ‘காட்ஃபாதர்’ என்றால் சினிமாவில் தூக்கிவிடுகிற செல்வாக்குள்ள ஆள் என்றே பொருளாகிவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் கேட்டால் ‘ஞானத்தகப்பன்’ என்ற சரியான சொல் கிடைக்கும். குழந்தையின் சார்பில் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து, அதன் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்பவர். மைக்கேல் தலைப்பின் நேரடிப் பொருளில் ‘காட்ஃபாதர்’ ஆவது அந்தத் தேவாலயத்தில்தான். குருவானவர் சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்கிறார், விட்டுவிடுகிறேன் என்கிறான், ஆர்கன் இசை இடையறாமல் தொடர, லிஃப்டிலும் மசாஜ் மேசையிலும் சுழல் கதவிலும் ஆட்கள் விழுகிறார்கள். அந்தக் குழந்தை கான்னிக்கும் கார்லோவுக்கும் பிறந்தது. அதே நாளில் குழந்தையின் தகப்பன், ஞானத்தகப்பனின் கட்டளையால், காரின் முன் இருக்கையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறான். தவறிவிடக் கூடாதே என்று நீங்கள் பதைத்த கொலைகளின் பட்டியலில் கடைசியாக நிற்பது இதுதான்.

‘நாயகன்’ பற்றிச் சொன்னீர்கள். 1987-இல் மணிரத்னமும் கமல்ஹாசனும் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம். ஆனால் வேலு நாயக்கரிடம் பேரன் கேட்கும் அந்தக் கேள்வி தமிழுக்கே உரியது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அங்கே கேட்கப்பட்டவர் தமக்கே தெரியவில்லை என்கிறார், அந்தத் தெரியாமையில் நாமும் அழுதுவிட்டு எழுகிறோம். இங்கே கேட்பவள் மைக்கேலின் மனைவியாகிவிட்ட கே. அவள் கேட்பது மனிதன் நல்லவனா என்று இல்லை. கார்லோவை நீ கொன்றாயா, அது உண்மையா என்று ஒரு செயலைக் குறித்துக் கேட்கிறாள். அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான் இருக்க முடியும். அவனோ என் தொழிலைப் பற்றிக் கேட்காதே என்று முதலில் சீறுகிறான். பிறகு இந்த ஒரு முறை மட்டும் கேட்கலாம் என்று அனுமதித்து, அவளுடைய கண்ணைப் பார்த்து இல்லை என்கிறான். அவளுக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் உங்களுக்கு ‘அப்பாடா’ வந்தது. கேயும் உங்களைப் போல ஓர் ஆசிரியை என்பது நினைவிருக்கும். உணவகக் கொலைக்குப் பிறகு ஒளிந்திருந்த சிசிலியிலிருந்து திரும்பிய மைக்கேல் அவளைத் தேடி வரும்போது பள்ளிக் குழந்தைகளோடு நடந்து வருகிறாள். ஐந்து ஆண்டுகளில் எல்லாம் சட்டப்படியான தொழிலாகிவிடும் என்று அவன் கொடுத்த வாக்கை நம்பி அந்த வீட்டுக்குள் வந்தவள் அவள்.

இதன் பிறகு நடப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இருவருக்கும் குடிக்க ஏதாவது எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போகிறாள். ஆட்கள் உள்ளே வருகிறார்கள். குடும்பத்தின் பழைய தளபதி கிளெமென்ஸா மைக்கேலின் கையை முத்தமிட்டு, டான் கோர்லியோன் என்கிறார். கே திரும்பிப் பார்க்கிறாள். இன்னொருவன் வந்து கதவைச் சாத்துகிறான். கதவு அவளுடைய முகத்தை மறைத்தபடி நகர்ந்து, திரை இருண்டுவிடுகிறது. படம் தொடங்கியதும் இதே போன்ற இருட்டில், இதே அறையில்தான். நம் அனுதாபமெல்லாம் வெளியே நிற்கும் கேயோடு இருக்கிறது, ஆனால் மறைந்துபோவது அவள் முகம். நாம் கதவின் உட்பக்கம் இருக்கிறோம். மூன்று மணி நேரமாக அந்த அறையின் பாதுகாப்பையும் அதன் தாய்க்குரலையும் விரும்பியவர்களை, அந்த ஆட்களோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அன்றிரவு தூக்கம் வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். இதை உயர்ந்த கலை என்று சொல்வதற்கும் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. 1973-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையின் கடைசிக் கணக்கு இந்தப் படத்தில் வரவில்லை. 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில், எந்தக் குடும்பத்துக்காக இவ்வளவும் செய்ததாகச் சொன்னானோ அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்த அண்ணன் ஃபிரெடோவையும் மைக்கேல் கொல்லச் செய்கிறான். அந்தப் படத்தில் எவருக்கும் ‘அப்பாடா’ வராது. உங்கள் மகன் அடுத்த முறை வரும்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் முதல் படத்தின் கல்யாணத்தில் குடும்பப் புகைப்படம் எடுக்கும் இடத்தை அவனுக்கு ஒருமுறை நிறுத்திக் காட்டுங்கள். மைக்கேல் வராமல் படம் எடுக்க வேண்டாம் என்று டான் சொல்லிவிடுகிறார். அவன் வந்த பிறகு எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். ஓரமாக ஒதுங்கி நிற்கும் கே, தான் வரவில்லை என்று தயங்குகிறாள். மைக்கேல்தான் அவளை அந்தப் படத்துக்குள் கைபிடித்து இழுத்துக்கொள்கிறான்.

அன்புடன்.